கொக்கி கழற்றிய தூண்டில்

கொக்கி இல்லாத தூண்டிலோடு கடலுக்குப் போன ஒரே மடையன் இந்தப் பினாங்குத் தீவில் நானாகத்தான் இருப்பேன். அதுவும் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த படகில், கரையிலிருந்து இரண்டரை மணி நேரம் தள்ளி, சூரை மீன் கூட்டமாகத் துள்ளும் இடத்துக்கு. போனதற்குக் காரணம் இருந்தது. கொக்கியைக் கழற்றியதற்கும் அதே காரணம்தான். அதைப் படகில் இருந்த யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் தொல்லை.

என் மனைவிக்கு அப்போது பத்தாவது வாரம். கல்யாணமாகி ஒன்பது வருடம். அதற்கு முன் இரண்டு தடவை தங்கியது, இரண்டு தடவையும் மூன்றாவது மாதம் முடிவதற்குள் கலைந்துவிட்டது. முதல் தடவை சந்தோஷத்தில் ஊருக்கே சொல்லிவிட்டோம். அப்புறம் சொன்ன ஒவ்வொருவரிடமும் திரும்பப் போய், இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பத்து காவான் என்ற ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேன்டீனில், கையில் சோற்றுத் தட்டோடு நின்றபடி அதைச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது தடவை அவள் வீட்டுக்கு மட்டும் சொன்னோம். மூன்றாவதற்கு யாருக்கும் மூச்சு விடவில்லை. நிபோங் திபாலில் இருக்கும் அவள் அம்மாவுக்குக்கூட மூன்று மாதம் முடியட்டும் என்று வைத்திருந்தோம்.

இரண்டாவது கலைந்த பிறகு அவள் நாட்களைத் தோண்ட ஆரம்பித்தாள். கெலுகோரில் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டுப்போய் ஆறு மாடி ஏறிய நாள், கல்யாண விருந்தில் கவனிக்காமல் தின்ற பப்பாளித் துண்டு, என்னோடு சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்த ஒரு நாள். அதெல்லாம் காரணமே இல்லை என்று மருத்துவர் சொன்னார். அவள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், மருத்துவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தெரிந்திருந்தும் மாதக்கணக்கில் தேடினாள். நானும் என் பங்குக்குத் தேடினேன். காரணத்தை அவள் பக்கத்தில் தேடினேன் என்பதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன், வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

படகுப் பயணம் இந்த மூன்றாவது தங்குவதற்கு முன்பே பேசி முடித்தது. எங்கள் மூவரில் மீன் பைத்தியம் நான்தான். மற்ற இருவரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள். ஒருவன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், இந்தப் பயணத்துக்காகவே லீவு எடுத்து வருவான். இன்னொருவன் கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், ஒரு தமிழ்ப்பள்ளியில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத கத்தோலிக்கன், தூண்டில் போடுவதற்கு முன்னால்கூடச் சிலுவை போட்டுக்கொள்வான். படகை ஏற்பாடு செய்தது, தேதி குறித்தது, எல்லாம் நான். நானே வரவில்லை என்றால் இருவரும் சேர்ந்து என்னைக் குடைந்து உண்மையைப் பிடுங்கிவிடுவார்கள்.

"போயிட்டு வாங்க. போகலைன்னாத்தான் கேப்பாங்க," என்றாள் மனைவி. "ஆனா ஒன்னும் புடிக்காதீங்க."

எனக்குப் புரிந்தது. மனைவி மாசமாக இருக்கும்போது கணவன் ஓர் உயிரைக் கொல்லக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டிலும் உண்டு. கோழி அறுக்க மாட்டார்கள், பிணம் தூக்க மாட்டார்கள், சிலர் பிள்ளை பிறக்கும்வரை முடிகூட வெட்டுவதில்லை.

"நீ இத நம்புறியா?" என்று கேட்டேன்.

"நம்பல. ஆனா நீங்க ஒன்ன கொன்னுட்டு வந்து, அப்பறம் நான் அதையே நெனைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க முடியாது. ஏற்கனவே நெனைக்க நெறைய இருக்கு."

அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. நம்பிக்கை இருந்திருந்தால் ஒரு பரிகாரம் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நம்பாதவர்களுக்குப் பரிகாரமும் கிடையாது. மேசை முன்னால் உட்கார்ந்து, என்னிடமிருந்த போலி மீன்கள் ஒவ்வொன்றிலிருந்தும் இடுக்கியால் கொக்கியைக் கழற்றினேன். ஈயத்தில் வார்த்து வெள்ளி பூசிய மீன்கள் அவை. கொக்கி இல்லாமல் பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தன. அவள் எதிரில் உட்கார்ந்து, கழற்றிய கொக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

விடியும்போது பத்து மாவுங் படகுத்துறையில் இருந்தோம். சிங்கப்பூர்க்காரன் ஆறு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்கி வந்திருந்தான், மூன்று பேருக்கு ஆறு. எங்கள் தெக்கோங், அதாவது படகை ஓட்டும் மலாய்க்காரர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். அதிகம் பேசாதவர். பனிக்கட்டிப் பெட்டியை ஏற்றிவிட்டு, கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பினார். தீவின் மலை பின்னால் சுருங்கிக்கொண்டே போனது. ஒரு மணி நேரத்தில் என் கைப்பேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து காணாமல் போயின. அதற்கப்புறம் அது வெறும் கடிகாரம்தான். ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்தேன்.

"போனப் பாத்தா மீன் வருமாடா?" என்றான் சிங்கப்பூர்க்காரன்.

"ஆபீஸ் வேலை," என்றேன்.

"சனிக்கெழமையுமா? உன் பாஸுக்கு வேற வேலை இல்லையா லா."

வாத்தியார் சிரித்தான். அவன் பார்வை மட்டும் என் மேல் கொஞ்சம் அதிக நேரம் இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து யார் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று கண்டுபிடிக்கிற பார்வை. நான் எழுந்து படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நாங்கள் போன இடத்தில் மீனவர்கள் தென்னை ஓலைகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கியிருந்தார்கள். ஓலை நிழலில் சின்ன மீன் சேரும், அதைத் தின்னச் சூரை வரும். அங்கே போய் நின்றதும் இருவரும் வீசினார்கள். நானும் வீசினேன். வீசுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கையை ஓங்கி எறிந்து, மூழ்க விட்டு, மேலும் கீழும் ஆட்டி இழுத்தேன். பார்ப்பவர்களுக்கு நான் மீன் பிடிக்கிறேன்.

மீனுக்குக் கொக்கி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அது வந்து பாய்ந்து கடிக்கும். அந்த அடி தூண்டில் ராடு வழியாக முழங்கை வரைக்கும் ஏறும். என் உடம்பு இருபது வருடப் பழக்கத்தில் தானாக இழுக்கும். எதிரே ஒன்றும் இருக்காது. ஈயத்தைக் கடித்த மீன் துப்பிவிட்டுப் போயிருக்கும். இப்படி ஒரு தரம் இல்லை, காலையில் மட்டும் எட்டு ஒன்பது தரம். பசித்தவன் இலையில் பரிமாறிப் பரிமாறி எடுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. எரிச்சல் தலைக்கேறியது. மனைவி மேல், மாமியார் வீட்டு வழக்கத்தின் மேல், பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த இரண்டு தடியன்கள் மேல். எரிச்சல் வந்த கையோடு பயமும் வந்தது. பத்தாவது வாரத்தில் வீட்டில் தனியாக விட்டு வந்தவளைப் பற்றி எரிச்சல்படுகிறேனே என்று பயம்.

"இன்னிக்கி உன் கையில ராசியே இல்ல மச்சான்," என்றான் சிங்கப்பூர்க்காரன். "யார் மூஞ்சில முழிச்ச?"

"உன் மூஞ்சிலதான்."

பதினொரு மணிவாக்கில் தூண்டிலை மேலே தூக்கியபோது போலி மீன் ஆடி ஆடி தெக்கோங்கின் முகத்துக்கு நேரே போனது. அவர் கையால் பிடித்து நிறுத்தினார். திருப்பிப் பார்த்தார். கொக்கி மாட்டும் வளையம் காலியாக இருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் சிநேகிதர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் மலாயில் கேட்டார். வீட்டில் முழுகாமல் இருக்கிறார்களா என்று.

தலையாட்டினேன். உலகத்தில் முதன்முதலில் நான் அதைச் சொன்னது முன்பின் தெரியாத ஒரு படகுக்காரரிடம்.

மலாய்க்காரர்களிடமும் அந்த வழக்கம் உண்டு, அதனால் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தனக்கு ஐந்து பிள்ளைகள் என்றார். ஐந்துக்கும் கடலில்தான் இருந்தாராம். வழக்கத்தைப் பார்த்திருந்தால் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, போலி மீனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு மனசு ஆறவில்லை. அவர் பிழைப்புக்காகக் கொல்கிறார். நான் வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு, வாடகை கொடுத்து, சந்தோஷத்துக்காகக் கொல்ல வருகிறேன். எந்தக் கணக்கில் இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது? போலி மீனை மறுபடியும் கடலில் எறிந்தேன்.

மத்தியானம் ஒரு மணிக்குப் பறவைகள் வந்தன. கிழக்கே ஒரு இடத்தில் கடல் கொதிப்பதுபோல் இருந்தது. தெக்கோங் படகைத் திருப்பினார். கிட்டே போகப் போக ஒவ்வொரு மீனாகத் தெரிந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் பாய்கிற சூரைகள், நீல முதுகு, வெள்ளை வயிறு. நான் அப்படி ஒரு கூட்டத்தை அதுவரை பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. வாத்தியார் வீசிய கையோடு மாட்டியது. அடுத்த மூச்சில் சிங்கப்பூர்க்காரனுக்கும் மாட்டியது. அவன் ராடு வில்லாக வளைந்து, ரீலிலிருந்து நூல் கத்திக்கொண்டு ஓடியது.

அவன் இரண்டு எட்டு பின்னால் வைத்தான். அப்படியே கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொண்டது. முகம் கோணி, பனிக்கட்டிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"காலு, காலு. டேய், இதப் புடி. புடிடா."

ராடை என்னிடம் நீட்டினான். வாத்தியார் கை ஓயாமல் இருந்தது. தெக்கோங் சுக்கான் சக்கரத்தில். வாங்காவிட்டால் ராடு கடலுக்குள் போய்விடும். வாங்கினேன். இதுவரைக்கும் என்மேல் தப்பில்லை. இதைப் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ராடின் அடிப்பாகத்தைத் தாங்கும் பெல்ட் அவன் இடுப்பில் இருந்தது. என்னிடம் இல்லை. தொப்புளுக்குக் கீழே வயிற்றில் அதை ஊன்றிக்கொண்டேன். மீன் கீழே இழுக்க இழுக்க அது சதைக்குள் குத்தியது. வலி தெரியவில்லை. காலையிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்த கைகளுக்கு இப்போதுதான் எதிரே ஒரு உயிர் கிடைத்திருந்தது. அது ஓடினால் விட்டேன், ஓய்ந்தால் சுற்றினேன். எல்லாம் மறந்துபோனது. மறந்துபோனது என்றால் உண்மையாகவே மறந்துபோனது. பத்தாவது வாரம் இல்லை, கெலுகோர் இல்லை, வீட்டில் ஒருத்தி இல்லை.

நாலைந்து நிமிடத்தில் சிங்கப்பூர்க்காரன் காலை நீவிவிட்டு எழுந்து நொண்டி நொண்டி வந்தான். "சரி, குடு," என்று கையை நீட்டினான்.

நான் கொடுக்கவில்லை.

"குடுடா, நான் பாத்துக்கறேன்."

"இரு," என்றேன். "கொஞ்சம் இரு." உடம்பைத் திருப்பி முதுகை அவனுக்குக் காட்டினேன்.

அவன் சிரித்துவிட்டுப் பெருந்தன்மையாக ஒதுங்கினான். காலையிலிருந்து ஒன்றும் கிடைக்காத சிநேகிதன், போகட்டும் என்று நினைத்திருப்பான். இன்னும் கால் மணி நேரம் அந்த மீனோடு நான் போராடினேன். படகுக்குப் பக்கத்தில் அது வட்டமடித்து வந்தபோது, தெக்கோங் நீண்ட கொக்கிக் கழியோடு வந்தார். குத்துவதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். நூலை அறுத்துவிடலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"குத்துங்க," என்று நான்தான் சொன்னேன். தமிழில் சொன்னேன். அவருக்கு அது புரிந்தது.

பலகையில் விழுந்த மீன் வாலால் தடதடவென்று அடித்தது. தெக்கோங் செவுளுக்குப் பின்னால் கத்தியை வைத்தார். ரத்தம் என் கால் விரல்களுக்கிடையே ஓடியது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். சிநேகிதர்கள் முதுகில் தட்டினார்கள். மீனின் முதுகு நீலம் கண்ணெதிரே சாம்பலாக மாறுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு வீடு ஞாபகம் வந்தது. கைப்பேசியை எடுத்தேன். ஒன்று இருபத்தைந்து. கோடு ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு நான் தூண்டிலைத் தொடவில்லை. எப்போது திரும்புவோம் என்று மூன்று தரம் கேட்டேன். மூன்றாவது தரம் வாத்தியார், "வீட்ல ஏதும் பிரச்சனையா?" என்றான். இல்லை என்றேன். திரும்பி வரும் இரண்டரை மணி நேரமும் உட்காரவே முடியவில்லை. ஒன்று இருபத்தைந்துக்கு அவள் என்ன செய்துகொண்டிருந்திருப்பாள் என்று யோசித்தேன். குளியலறையில் வழுக்கியிருப்பாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். எனக்குக் கூப்பிட்டிருப்பாள், என் போன் கிடைத்திருக்காது, யாருக்கும் சொல்லாத விஷயத்தை இப்போது யாருக்குச் சொல்வது என்று திகைத்திருப்பாள். இதில் ஒன்றையும் நான் நம்பவில்லை. நம்பாமலே ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தேன்.

தீவின் வடமேற்கு முனையில் கலங்கரை விளக்கம் தெரிந்தபோது கைப்பேசி ஒரு துடிப்புத் துடித்தது. அவளிடமிருந்து ஒரே ஒரு செய்தி. மழை வந்தது, துணி எடுத்துவிட்டேன், வரும்போது எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வாங்க. அனுப்பிய நேரம் மூன்று மணி. அதை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. கண் கலங்கியது, உப்புக்காற்று என்று துடைத்துக்கொண்டேன்.

படகுத்துறையில் சிங்கப்பூர்க்காரன் அந்த மீனை என் காடியின், அதாவது காரின், பின்பெட்டியில் ஏற்றப் பார்த்தான். வேண்டாம் என்றேன். நீ இழுத்த மீன்டா என்றான். உன் தூண்டிலில் மாட்டியது உன் மீன் என்று சண்டையே போட்டேன். கடைசியில் தராசில் தொங்கவிட்டு, எட்டு கிலோ என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு, அவனே எடுத்துப் போனான்.

வீட்டில் கதவைத் திறந்ததும் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். நன்றாக இருந்தாள். எலுமிச்சம்பழப் பையை வாங்கிக்கொண்டு, "புடிச்சீங்களா?" என்றாள்.

"என் தூண்டில்ல ஒன்னும் மாட்டல," என்றேன்.

வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அவ்வளவு சுத்தமான பொய்யை நான் அதற்கு முன் சொன்னதில்லை.

குளிக்கும்போது பார்த்தேன், தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அளவு கன்றிப்போய்க் கருநீலமாக இருந்தது. மீன் பிடிக்கிற எவனுடைய பெண்டாட்டிக்கும் அது என்னவென்று தெரியும். அன்றிலிருந்து சட்டை போட்டுக்கொண்டு படுத்தேன். அந்தக் கன்றிய இடம் நீலத்திலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் போகும் வரைக்கும் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தினமும் பார்த்தேன். பதினோராவது வாரம் போனது. பன்னிரண்டாவது போனது. அவள் அம்மாவுக்குச் சொன்னோம், அழுதார்கள். சிநேகிதர்களுக்குச் சொன்னேன். அப்படியா சங்கதி, அதான் அன்னிக்கி போனும் கையுமா இருந்தியா என்றான் வாத்தியார். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் அவள் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் சும்மா "ஸ்" என்றாலும் எனக்கு ஒன்று இருபத்தைந்து ஆனது.

இருபத்தோராவது வாரத்தில் பெரிய ஸ்கேன். மருத்துவர் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். முதுகெலும்பு, இதயத்தின் நாலு அறை, கை விரல். நான் திரையைப் பார்க்காமல் மருத்துவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த முகம் எங்கேயாவது நிற்கிறதா என்று. நிற்கவில்லை. எல்லாம் இருக்க வேண்டியபடி இருக்கிறது என்றார். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

கீழே வந்து காடியில் ஏறினோம். அவள் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே சரிசெய்து போட்டுக்கொண்டாள். முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கி நீங்க புடிச்சது எத்தன கிலோ?"

என் கை சாவியிலேயே நின்றுவிட்டது. பொய் சொல்லத் தோன்றவில்லை. "எட்டு," என்றேன்.

"ம்."

"எப்டித் தெரியும்?"

"ஃபேன் ஓடுனாலே சட்டை போட மாட்டீங்க. ரெண்டு வாரம் சட்டையோட படுத்தீங்க. மறுநாள் காலையில நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி தூக்கிப் பாத்தேன்."

மறுநாள் காலை. அப்படியென்றால் பதினோரு வாரம்.

"ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா ஆமான்னு சொல்லிருவீங்க," என்றாள். மடியில் இருந்த ஸ்கேன் படத்தை ஒரு தரம் புரட்டினாள். "சொல்லிட்டு, அப்பறம் இதுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, என்னால உங்களோட இருக்க முடிஞ்சிருக்காது. காரணம் அது இல்லைன்னு தெரியும். தெரிஞ்சும் முடிஞ்சிருக்காது. அதான் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

நான் பயந்துகொண்டிருந்தது ஒன்றுக்குத்தான். அவள் இரண்டுக்குப் பயந்திருக்கிறாள். வயிற்றில் இருப்பதையும் காப்பாற்ற வேண்டும், என்னையும் காப்பாற்ற வேண்டும் என்று பதினோரு வாரம் ஒரே கட்டிலில் என் பக்கத்தில் படுத்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அவள் கையைத் தொட்டேன், அவள் எடுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"பார்க்கிங் டைம் முடியப் போகுது," என்றாள். "காடிய எடுங்க."